மாப்பிள்ளை ஜீப்பை எவ்வளவு தூக்கலாம்?

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பார்கள். எங்கள் விஷயத்தில் தாய் வீடு மலேசியாவில், கேமரன் மலையில் இருக்கிறது. மகள் ஷாமினியோ மரக்காணத்துக் கடற்கரையில், ஒரு மீனவக் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஈப்போவில் ஓர் உணவகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஏழுமலையைக் காதலித்துக் கட்டிக்கொண்டு, அவர் ஊருக்கே வந்துவிட்டவள். இப்போது எட்டாவது மாதம். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, விமானம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே மகள் தாய் வீட்டுக்கு வருவதற்குப் பதில், தாய் வீடு பெட்டி கட்டிக்கொண்டு மகளிடம் கிளம்பியது. பெட்டிக்குள் பாதி இடத்தை நெத்திலிச் சம்பல் டப்பாக்கள் அடைத்துக்கொண்டன. மீனவக் குப்பத்துக்கு நெத்திலி சுமந்துகொண்டு போன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

டாக்டர் இன்னும் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். ஒன்று, உடம்பு குலுங்கக் கூடாது. இன்னொன்று, துளி உதிரம் பட்டாலும் உடனே புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருந்தது. குப்பத்துக்குப் போகிற பாதையைப் பார்த்த பிறகுதான் அது எவ்வளவு கஷ்டம் என்று புரிந்தது.

சென்னை விமான நிலையத்துக்கு ஏழுமலையே ஜீப்பில் வந்திருந்தார். கரையில் மீன் எடுத்துப் புதுச்சேரி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் விற்கிறவர் அவர். வண்டி பச்சை நிறத்தில், படுதாக் கூரையோடு, சின்னதாக, வயதானதாக இருந்தது. ஐஸ் பெட்டி வாடையில் என் சென்டு தோற்றுப் போனது. என் கணவரும் நானும் கேமரன் மலையில், பிரிஞ்சாங்கில் பட்டறை வைத்திருக்கிறோம். முட்டைக்கோஸ் தோட்டக்காரர்களின் ஜீப்புகள்தான் எங்கள் பிழைப்பு. கணவர் வண்டிக்கு அடியில், நான் கல்லாவில். கல்லாவில் உட்கார்ந்தபடியே சத்தத்தை வைத்து இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். அதனால் கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க, எல்லோரும் பார்ப்பதுபோலக் கடலைப் பார்க்காமல், வண்டியைக் கேட்டுக்கொண்டே வந்தேன். இன்ஜின் தங்கமானது. ஸ்பிரிங்கும் நல்ல மெத்து. நிம்மதியாக இருந்தது.

மரக்காணத்தில் டீ குடித்தோம். எங்கள் ஊர் தே தாரிக்கில் பாதி அளவு, இரண்டு மடங்கு சர்க்கரை. கடையை ஒட்டி உப்பளம் தொடங்கிவிடுகிறது. சாலையின் இரு பக்கமும் கட்டம் கட்டமாகப் பாத்திகள், வரப்பின் மேல் குவித்து வைத்த உப்பு. மழைக்காலம் நெருங்குவதால் குவியல்களுக்குக் கீற்று போர்த்திக்கொண்டிருந்தார்கள். மலையில் பனி மூடிய காலையைப் பார்த்தே பழகிய கண்ணுக்கு இந்த வெள்ளை கூசியது.

அனுமந்தை வருவதற்குள் ஓரிடத்தில் சாலையை விட்டு இறங்க வேண்டும். இறங்குகிற இடத்தில் நல்ல தண்ணீர்க் குழாய் ஒன்று உண்டு. குப்பத்துத் தண்ணீர் வாயில் வைக்க விளங்காதாம். போகிற வண்டியெல்லாம் அங்கே நின்று குடம் நிரப்பிக்கொண்டுதான் போகிறது. நாங்களும் நிரப்பினோம். அதற்கப்புறம் பாத்திகளுக்கு நடுவே மண் கரை. ஒரு வண்டி போகலாம், எதிரே ஒன்று வந்தால் யாராவது பின்னால் போயாக வேண்டும். கரையின் நடுவில் ஒரு கால்வாய் குறுக்கே வெட்டிப் போகிறது. பாத்திகளுக்குக் கடல் தண்ணீர் போகிற வழி அது. அதை மேடாக்கினால் உப்பு விளையாது, அதனால் யாரும் அதைத் தொடுவதில்லை. ஜீப் அந்தப் பள்ளத்தில் இறங்கி மறுபக்கம் ஏறும்போது அடியில் 'டங்' என்று இடித்தது. பின் சக்கரங்கள் மண்ணில் சுற்றி, யோசித்து, பிறகு ஏறின.

"அடி வாங்குது அத்த," என்றார் ஏழுமலை. "மழைக்கு முன்னாடி வண்டிய தூக்கிடணும்."

எதை, எப்படித் தூக்கப் போகிறீர்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. மாமியார் வந்து இறங்கிய அன்றே மாப்பிள்ளையிடம் கேள்வி கேட்கலாமா? அடக்கிக்கொண்டேன்.

ஷாமினி வாசலில் நின்றிருந்தாள். முகம் மட்டும் என் மகள், மற்றதெல்லாம் வயிறு. "எளச்சிட்டம்மா," என்று அவள் சொல்ல, "நீயும்தான்," என்று நான் சொல்ல, இரண்டும் பொய். சம்பந்தி அஞ்சலை எங்கள் இருவரையும் பிரித்து உட்கார வைத்து, இட்லியும் முதல் நாள் வைத்த சங்கரா மீன் குழம்பும் போட்டார். பழைய மீன் குழம்புக்கு இட்லிதான் சரியான ஜோடி என்று ஐம்பது வயது தாண்டித் தெரிந்துகொண்டேன். என் சம்பல் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தவர், "எங்க ஊரு நெத்திலிய சக்கர போட்டு கெடுத்து வெச்சிருக்கீங்களே சம்பந்தி," என்று சொல்லிவிட்டு, அதில் பாதியை அவரே தின்று தீர்த்தார்.

புதுச்சேரிக்குப் பக்கத்தில், குயிலாப்பாளையத்தில் தரைத்தளத்தில் ஒரு அறை பேசி வைத்திருந்தார்கள். பிரசவத்துக்கு முன்பே அங்கே போய்விடுவதாகத் திட்டம். இருப்பவர் காலி செய்யச் சில வாரங்கள் ஆகும். வேறு அறை பார்க்கலாமே என்றேன். பார்த்ததெல்லாம் மாடியாம், படி ஏறக் கூடாது. அதுவரை வாராவாரம் பரிசோதனைக்கு இந்தக் கரை மேல்தான் போய் வர வேண்டும். நடுவில் மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்பதைப் பற்றி வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் வண்டியைத் தூக்குவதைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

மறுநாள் காலை வீட்டுக்கு எதிரே கடற்கரையில் அதற்கென்று ஒரு சபை கூடியது. ஏழுமலையின் சிநேகிதர்கள் படகு நிழலில் உட்கார்ந்து பேசியது, கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் காதில் நன்றாக விழுந்தது. பேச்சுக்குத் தலைவர் கோதண்டம் என்று ஒருவர். குரலும் உடம்பும் பெரிது. அவருடைய மச்சான் வண்டிக்கு ஸ்பிரிங் போட்டு மூன்று இஞ்ச் தூக்கினார்களாம், யானை மாதிரி போகிறதாம். பாடி லிஃப்ட் என்பது சினிமாவுக்கு வண்டி காட்டுகிறவன் போடுவது என்றார். இன்னொருவர், ஜீப்பை விற்றுவிட்டு டிராக்டர் வாங்கு என்றார். டிராக்டரில் பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றச் சொன்ன அந்த வாயை என்ன செய்யலாம் என்று யோசித்ததில் கீரைத் தண்டையெல்லாம் சட்டியில் போட்டு, இலையைக் குப்பையில் போட்டிருந்தேன்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜீப்பை உயர்த்த இரண்டு வழி. ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்த்து, மொத்த வண்டியையும் சக்கரத்துக்கு மேலே தூக்குவது ஒன்று. இது சஸ்பென்ஷன் லிஃப்ட். பட்டை கூடக்கூட வண்டி விறைத்துக்கொள்ளும். மூட்டை ஏற்றினால் ஜோர், ஆள் ஏறினால் இடுப்பு கழன்றுவிடும். மற்றது பாடி லிஃப்ட். சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்துக்கும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் கூட்டுக்கும் நடுவே கட்டை கொடுத்து, கூட்டை மட்டும் உயர்த்துவது. ஸ்பிரிங்கைத் தொடுவதே இல்லை. அடியில் இருப்பது அடியிலேயே இருக்கும். ஆனால் சக்கரத்துக்கு மேலே இடம் கிடைப்பதால் கொஞ்சம் பெரிய டயர் போடலாம்.

கால்வாயில் இடித்தது எது? பின் சக்கரங்களுக்கு நடுவே இரும்புப் பூசணி மாதிரி தொங்குகிற டிஃபரன்ஷியல். அது ஸ்பிரிங்குக்குக் கீழே, அச்சோடு சேர்ந்து இருக்கிறது. ஸ்பிரிங்கை வானம் வரை தூக்கினாலும் அது ஏறாது. டயர் பெரிதானால்தான் ஏறும். இதைப் புரியவைக்க எனக்கு ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். ஆனால் ஷாமினி முன்கூட்டியே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மா, அவர் ஃபிரெண்ட்ஸ் முன்னாடி மட்டும் எதுவும் சொல்லிடாத. ஏற்கனவே மலேசியாக்காரி சொல்றதத்தான் கேக்குறான்னு ஓட்டிட்டிருக்காங்க. இப்ப மாமியாரும் சேந்தா அவ்வளவுதான்."

சரி, வாயைத் தைத்துக்கொண்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது.

அடுத்த நாள் கீழ்புத்துப்பட்டில் மெக்கானிக் யாசின் பாய் ஷெட்டுக்குப் போனோம். சும்மா வெளியே பார்த்துவிட்டு வரலாம் என்று சொல்லி நானும் தொற்றிக்கொண்டேன். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் பால் இல்லாத சுலைமானி டீயும் வந்தன. எங்கள் பட்டறையில் டயரில் உட்கார வைப்போம், இங்கே மரியாதை அதிகம். பாய் இரண்டு வழியையும் ஒழுங்காகத்தான் சொன்னார். எதுவானாலும் ரொம்பத் தூக்கினால் ஆர்.டி.ஓ. கேள்வி கேட்பார், கரை மேல் சாயும், அளவோடு போகலாம் என்றார். ஏழுமலை ஸ்பிரிங் என்று முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

மாப்பிள்ளையிடம்தானே பேசக் கூடாது? பாயிடம் பேசலாமே. "பாய், எங்க ஊர்ல மூட்டை வண்டிக்கு ஒரு ஸ்பிரிங், ஆள் வண்டிக்கு ஒரு ஸ்பிரிங்," என்று எதிரே கிடந்த டயரைப் பார்த்துச் சொன்னேன். பாய் ஏழுமலையைப் பார்த்தார். ஏழுமலையும் அதே டயரைப் பார்த்து, "அத்தைக்கு மலை ஊரு பாய். அங்க சேறு, இங்க வேற," என்றார். பதவிசாகத்தான் சொன்னார். டீயை ஒரே மடக்காகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன். வேலை ஆரம்பமானது.

அன்று மாலை கணவருக்குப் போன் செய்து பொரிந்து தள்ளினேன். "நீ பிரசவம் பாக்கப் போனியா, பட்டறை பாக்கப் போனியா?" என்று கேட்டார் மனிதர். பக்கத்தில் இருந்த எங்கள் சீன மெக்கானிக் போனைப் பிடுங்கி மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "அக்கா, முட்டைக்கோஸ் கசங்கினால் விலைதான் குறையும். அங்கே உட்காரப் போவது ஷாமினி." அவன் தூக்கி வளர்த்த பிள்ளை அவள்.

ஜீப் திரும்பி வந்தபோது குப்பமே கூடிப் பார்த்தது. கோதண்டம் அதைச் சுற்றி வந்து, தானே பெற்ற பிள்ளை மாதிரி தட்டிக் கொடுத்தார். ஷாமினி ஏறிப் பார்க்க ஆசைப்பட்டாள். முன் சீட்டு அவள் மார்பு உயரத்தில் இருந்தது. மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டும் காலைத் தூக்க முடியவில்லை. "பழகிடும்," என்றார் ஏழுமலை. அவர் குரலில் பழைய தெம்பு இல்லை.

மறுநாள் பரிசோதனை. அதாவது, மறுநாள் என் பிள்ளை அந்த வண்டியில் அந்தக் கரை மேல் போக வேண்டும். ராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டு, காலையில், தண்ணீர் எடுக்க நானும் வருகிறேன் என்று முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். குழாயில் குடங்களை நிரப்பினோம். ஒரு குடத்தை மட்டும் பின்னால் வைக்க விடவில்லை. மடியில் வைத்துக்கொண்டேன், ஷாமினியின் வயிறு இருக்க வேண்டிய இடத்தில். பிறகு மூடியைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். வாயைத்தான் திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

கரை மேல் ஏறியதும் குடத்திலிருந்து முதல் அலை நெஞ்சில் அடித்தது. அடுத்தது முகத்தில். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஜீப் குதிரை மாதிரி உதறியது. ஏழுமலை ஓரக்கண்ணால் பார்த்து வேகத்தைக் குறைத்தார், இன்னும் குறைத்தார், எறும்பு முந்துகிற அளவுக்குக் குறைத்தார். தண்ணீர் தளும்புவது நிற்கவில்லை. கால்வாய் வந்தது. அதே இடம், அதே 'டங்'. இரும்புப் பூசணி இருந்த இடத்திலேயே இருந்தது. ஏறும்போது வண்டி ஒரு பக்கம் சாய்ந்ததில் மிச்சத் தண்ணீரில் பாதி என் மேலே கவிழ்ந்தது.

வீட்டு வாசலில் சொட்டச் சொட்ட இறங்கினேன். அஞ்சலை என்னையும் குடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏண்டா ஏழுமல, பொண்ணு குடுத்தவங்கள நடுரோட்லயே குளிப்பாட்டி கூட்டினு வர்றியா?" பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். ஏழுமலை சிரிக்கவில்லை. குடத்தை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தார். அதன் அடியில் கொஞ்சம்போலத் தண்ணீர் கிடந்தது. பிறகு வாசலில் வயிற்றைப் பிடித்தபடி நின்ற மனைவியைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, செய்திருக்க வேண்டாமோ என்றுகூட எனக்குத் தோன்றிவிட்டது.

அன்று பரிசோதனைக்குப் போகவில்லை. டாக்டரிடம் போனில் சொல்லி நாள் மாற்றிக்கொண்டார்கள். சேலை மாற்றிக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்தேன். ஏழுமலை சாப்பாட்டைத் தொடாமல், படகு நிழலில் கோதண்டம் முதலான எல்லோரும் இருக்கும்போதே என் எதிரில் வந்து நின்றார்.

"அத்த, நீங்களே சொல்லுங்க. இன்னா போடணும்?"

அதுவரை அடைத்து வைத்திருந்தது மொத்தமும் வந்தது. பழைய ஸ்பிரிங்கையே திருப்பி மாட்டச் சொன்னேன். ஒன்றரை இஞ்ச் கட்டை வைத்துக் கூட்டை மட்டும் தூக்குங்கள், அது போதும் என்றேன். கிடைக்கிற இடத்தில் ஒரு சுற்று பெரிய டயர், பூசணி அதனால்தான் ஏறும். டயரில் காற்றைக் குறைத்து ஓட்டுங்கள், ஏற ஒரு படி வையுங்கள். மண்ணில் கோடு போட்டு, ஸ்பிரிங் எங்கே, அச்சு எங்கே என்று காட்டினேன். கோதண்டம் குனிந்து அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இத முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரைக் கால்வாயில் தள்ளியிருப்பேன்.

மறுபடியும் யாசின் பாய் ஷெட். இந்த முறை நாற்காலி வேண்டாம் என்று வண்டி பக்கத்திலேயே நின்றேன். கூட்டைக் கழற்றிய பாய், கூடும் சேஸிஸும் சேரும் இடங்களைக் கம்பியால் குத்திக் காட்டினார். பின் பக்கம் இரண்டு இடத்தில் இரும்பு பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. "தம்பி, டெய்லி வண்டி கழுவுவியா?" என்று கேட்டார். மீன் தண்ணீர் உப்பாயிற்றே, ஒரு நாள் விடாமல் கழுவுவேன் என்று ஏழுமலை பெருமையாகச் சொன்னார். எந்தத் தண்ணியில? வீட்டு போரில். குப்பத்து போர்த் தண்ணீர், வாயில் வைக்க விளங்காத அதே உப்புத் தண்ணீர். உப்பைப் போக்க உப்புத் தண்ணீரால் தினமும் குளிப்பாட்டியிருக்கிறார் மனிதர். பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். இப்போது பார்த்தது நல்லதாயிற்று, இல்லாவிட்டால் இந்த மழையில் கூடு கழன்றிருக்கும் என்றார். பாயே அந்த இடங்களை வெட்டி எடுத்துப் புது இரும்பு வைத்துப் பற்றவைத்தார்.

டயர் குயிலாப்பாளையத்தில் கிடைத்தது. ஊருக்குத் திரும்பப்போகிற ஒரு வெள்ளைக்கார அம்மாள் தன் ஜீப்பைப் பிரித்து விற்றுக்கொண்டிருந்தார். என் மலேசியத் தமிழைக் கேட்டு, "நீங்க இன்னா ஊரும்மா? தமிழ் வேற மாதிரி இருக்குது," என்றார், அசல் இந்த ஊர்த் தமிழில். அந்தச் சூட்டோடு பேசி வைத்த அறையையும் எட்டிப் பார்த்தோம். ஜன்னல் ஓரம் முந்திரி மரம், நல்ல காற்று. இருந்தவர் இன்னும் பெட்டியைக்கூடக் கட்டவில்லை.

வண்டி வந்த அன்று மறுபடி ஒரு சோதனை. குடத்தை நான் எடுக்கப் போனேன், ஏழுமலை தடுத்தார். சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, தான் ஷாமினி சீட்டில் ஏறி உட்கார்ந்து, குடத்தை மடியில் வைத்து, மூடியை அவரே கழற்றினார். மாமியார் வண்டி ஓட்ட, மாப்பிள்ளை குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போகிற காட்சியைப் பார்த்து, கீற்று கட்டிக்கொண்டிருந்த உப்பளத்துப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வரப்போரம் வந்துவிட்டார்கள். "ஜாக்கிரதயா ஓட்டும்மா, பையன் மாசமா இருக்கான்," என்று ஒருத்தி குரல் கொடுத்தாள். ஏழுமலை குடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கால்வாயில் இறங்கினேன், ஏறினேன். அடியில் ஒரு சத்தமும் இல்லை. வீட்டு வாசலில் இறங்கியபோது அவர் சட்டையில் உள்ளங்கை அளவுக்கு ஈரம் இருந்தது.

அந்த வாரமும் அடுத்த வாரமும் ஷாமினி பரிசோதனைக்குப் போய் வந்தாள். நஞ்சுக்கொடி இன்னும் இறங்கித்தான் இருக்கிறது, ஆனால் பிள்ளை நன்றாக வளர்கிறது என்றார் டாக்டர். நானும் காரப்பொடி மீன் பொரிக்கக் கற்றுக்கொண்டேன், அஞ்சலைக்கு எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய் வீசக் கற்றுக்கொடுத்தேன். மாவு ஒரு தடவை தென்னை மரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் மழை பிடித்தது. எங்கள் மலையில் மழை தினமும் சாயங்காலம் வந்து போகும் விருந்தாளி. இங்கே வந்தால் பாயை விரித்துப் படுத்துவிடுகிறது. இரண்டு நாளில் பாத்தியும் கரையும் ஒன்றாகிவிட்டன. எங்கே பார்த்தாலும் தண்ணீர்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை சொல்லி அடுத்தவர் வயிற்றைக் கலக்குவது எனக்குப் பிடிக்காது. தாயும் பிள்ளையும் நலம். பேத்தி பக்கத்தில் படுத்து ஏப்பம் விடுகிற நேரத்தில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம் நாள் விடிந்ததும் ஷாமினி என்னைக் கூப்பிட்டாள். இரவெல்லாம் இடுப்பு கடுத்ததாம், பயத்தில் கண் மூடவில்லையாம், எங்களை ஏன் எழுப்ப வேண்டும் என்று விட்டுவிட்டாளாம். இப்போது உதிரம் பட்டிருக்கிறது. திட்ட வாய் வந்தது, திட்டவில்லை. ஏழுமலை ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். தார்ச்சாலை வரைதான் வர முடியும், கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள் என்றார்கள்.

பின் சீட்டில் பாயும் தலையணைகளும் போட்டோம். புதுப் படியில் கால் வைத்து ஷாமினி தானாக ஏறினாள். என் மடியில் தலை வைத்து ஒருக்களித்துப் படுத்தாள். கரை ஆரம்பிக்கிற இடத்தில் வண்டி நின்றது. கரை எங்கே முடிகிறது, பாத்தி எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியாத மாதிரி ஒரே தண்ணீர். ஒரு சக்கரம் தவறினால் போதும். அப்போது பின்னாலிருந்து கோதண்டம் வந்தார், கையில் நீளமான மூங்கில் கழி. அவருக்குப் பின்னால் குப்பத்து ஆட்கள். அவர்களோடு, கீற்று பறந்த குவியலைப் பார்க்க வந்த உப்பளத்துப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். கழியால் தட்டிப் பார்த்து, இரு பக்கமும் கரையின் விளிம்பில் வரிசையாக நின்றுவிட்டார்கள். வண்டி கடந்ததும் பின்னால் நின்றவர்கள் தண்ணீரில் ஓடி முன்னால் போய் நிற்பார்கள். அந்த ஆட்களுக்கு நடுவே, நடக்கிற வேகத்தில் ஜீப் போனது. கோதண்டம் முன்னால் பின்னோக்கி நடந்தபடியே கையைக் காட்டிக்கொண்டு போனார்.

கால்வாயில் தண்ணீர் முழங்காலுக்கு மேல். ஏழுமலை கோதண்டத்தின் கையை மட்டும் பார்த்து ஓட்டினார். வண்டி மெல்ல இறங்கி, ஒரு நொடி யோசித்து, ஏறியது.

அப்போதுதான் மடியில் ஷாமினியின் தலை கனப்பதை உணர்ந்தேன். இறுக்கிப் பிடித்திருந்த அவள் விரல்கள் என் கையிலிருந்து நழுவியிருந்தன. "ஷாமி," என்று மெதுவாகக் கூப்பிட்டேன். பதில் இல்லை. கத்தினால் ஏழுமலை பிரேக் போடுவார், போட்டால் சறுக்கும். குனிந்து அவள் மூக்கருகே விரலை வைத்தேன், வண்டி ஆடியதில் ஒன்றும் தெரியவில்லை. முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தேன்.

குறட்டை. சின்ன வயதில் சளி பிடித்தால் விடுவாளே, அந்தக் குறட்டை. பாவி மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததில் எனக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. "இன்னா அத்த, இன்னா ஆச்சி?" என்றார் ஏழுமலை, கண்ணைப் பாதையிலிருந்து எடுக்காமல். ஒன்றுமில்லை, நீங்கள் ஓட்டுங்கள் மாப்பிள்ளை என்றேன்.

தார்ச்சாலையில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. உள்ளே இருந்த நர்ஸ் வந்து ரத்த அழுத்தம் பார்த்து, இப்போதைக்குப் பயப்பட ஒன்றும் இல்லை, சரியான நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார். அவர் கன்னத்தில் தட்டியதும் ஷாமினி கண்ணைத் திறந்தாள். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் படுதாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏம்மா நிக்கிறோம்? இன்னும் கெளம்பலையா?"

முன் சீட்டில் ஏழுமலை ஸ்டீயரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் குலுங்கிக் குலுங்கி அழுதார்.